வீட்டிலிருந்தே ஆபீஸ் கணினிக்குள் நுழைய: விபிஎன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஆடிட்டர் ஆபீஸ், அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை, சுரண்டையில் மொத்த வியாபாரக் கடை என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் தேவை ஒன்றுதான். கணக்கு இருக்கும் கணினி ஆபீசிலேயே இருக்க வேண்டும். அதில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தும் பார்க்க வேண்டும். ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் பற்றியும், அது ஓடாத இடத்துக்கு ஓப்பன்விபிஎன் என்ற இன்னொன்று பற்றியும் இருக்கும்.

ப்ளே ஸ்டோர்ல இலவசமா கிடைக்குதே, அந்த விபிஎன்னும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இலவச ஆப் உங்கள் போனிலிருந்து போகும் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவருடைய சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. அதை வைத்து உங்கள் ஆபீஸ் கணினிக்குப் போய்ச் சேர முடியாது. இங்கே பேசும் விபிஎன்னில் இரண்டு முனையும் உங்களுடையவை. ஒரு முனை ஆபீஸ் ரவுட்டரிலோ சர்வரிலோ இருக்கும், மறுமுனை உங்கள் லேப்டாப்பில். நடுவில் யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்க முடியாதபடி தகவல் என்கிரிப்ட் ஆகிப் போகும். வேலை பார்க்கும் கணினியில் இலவச விபிஎன் ஆப்போ பிரவுசர் எக்ஸ்டென்ஷனோ கிடந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, விபிஎன் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று அவர்களே பிறகு விளக்கமும் கொடுத்துவிட்டார்கள்.

ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்துவிட்டா நேரா ரிமோட் டெஸ்க்டாப் வந்துருதே. விபிஎன் எதுக்கு?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்; 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதாவது வேறிடத்திலிருந்து விண்டோஸ் திரையைத் திறந்து வேலை பார்க்கும் வசதிக்கு, உரியது. ஏற்கெனவே திறந்திருந்தால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் அந்தப் போர்ட்டை மூடிவிட்டு வாருங்கள். இணையத்தில் உள்ள எல்லா ஐபி முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 3389 திறந்திருப்பது தெரிந்ததும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டேலி', 'அக்கவுண்ட்ஸ்' போன்ற பெயர்களில் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்திவிட்டால் மறுநாள் காலையில் டேலி ஃபோல்டர் முழுக்கப் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடக்கும். பேக்கப் எடுத்த பென் டிரைவை அந்தக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

போர்ட் எண்ணை 33890 என்று மாற்றி வைத்தாலும் பயனில்லை. எல்லாப் போர்ட்டையும்தான் தட்டிப் பார்க்கிறார்கள். வயர்கார்ட் இந்த இடத்தில்தான் உதவுகிறது. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு (தகவல் துண்டுக்கு) அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு சர்வர் இருப்பதே தெரிய வராது.

எனிடெஸ்க் போன்ற, இன்னொருவர் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்கள் எப்போதாவது ஒருமுறை உதவிக்குப் போதும். தொழிலுக்குத் தினமும் பயன்படுத்துவதென்றால் அதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். போனில் பேசி ஏமாற்றுகிறவர்களும் அதே ஆப்பைத்தான் இறக்கச் சொல்கிறார்கள் என்பதால், ஊழியர்களுக்கு அதைப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது.

ஆபீஸ் பக்கம் என்னென்ன வேணும்?

முதலில் வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி முகவரி வேண்டும். பல ஃபைபர் இணைப்புகள் தடுக்கி விழுவது இதில்தான். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து 'வான் ஐபி' (வெளி இணையப் பக்கத்து முகவரி) என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே இணைப்பில் பிரவுசரில் உங்கள் ஐபியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணோ, 10 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால், இணைப்பு கொடுத்த நிறுவனம் ஒரே ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். அப்படியிருக்க ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் பாக்கெட் உங்களிடம் வராது.

அதற்கு இரண்டு வழி உண்டு. இணைப்பு கொடுத்தவரிடம் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கலாம். கொடுக்கவில்லை என்றால் மும்பை டேட்டா சென்டரில் 1 ஜிபி ரேம் உள்ள சின்ன கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆபீஸும் வீடும் அதில் போய்ச் சந்திக்கும்படி அமைக்கலாம். ஸ்டாட்டிக் ஐபி கிடைக்கிற இடத்தில் அதையே வாங்கச் சொல்வோம். பார்த்துக்கொள்ள வேண்டிய பெட்டி ஒன்று குறையும்.

அடுத்து விபிஎன்னை எதில் ஓட்டுவது என்று பார்க்க வேண்டும். வயர்கார்ட் வசதி உள்ள ரவுட்டராக வாங்குவதே எங்கள் பரிந்துரை. மைக்ரோட்டிக் ரவுட்டர்களில் ரவுட்டர்ஓஎஸ் 7 முதல் இருக்கிறது, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரிலும் போடலாம். அது முடியாவிட்டால் லினக்ஸ் போட்ட சின்னக் கணினி போதும். 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்ட் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ரவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள் (யுடிபி, டிசிபி என்பவை இணையத்தில் தகவல் அனுப்பும் இரண்டு முறைகள்). ஃபைபர்காரர் வைத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் ரவுட்டர் தனியாக இருந்தால், இரண்டிலும் திருப்ப வேண்டும். இல்லையென்றால் முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது எல்லாவற்றையும் அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்தும்படி, போடச் சொல்லுங்கள்.

ஆபீஸ் ஐபியை மாத்தணும்னு சொல்லுதாங்க. அது ஏன்?

ரவுட்டர்களில் பாதிக்கு மேல் 192.168.1 அல்லது 192.168.0 என்றுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. ஆபீஸில் டேலி கணினி 192.168.1.10, வீட்டில் உங்கள் டிவி 192.168.1.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டால், லேப்டாப் பக்கத்து அறையில் உள்ள டிவியைத்தான் தேடும், விபிஎன் பக்கமே போகாது. பத்துப் பேர் வீட்டில் மாற்றுவதைவிட ஆபீஸில் ஒருமுறை மாற்றுவது எளிது. 10.37.14 போல யாரும் சட்டென்று தேர்ந்தெடுக்காத எண்ணாக வையுங்கள்.

இதை ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின் ஆகியவற்றில் பழைய ஐபி கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மாற்றாமல் விட்டால் திங்கள் காலையில் ஒவ்வொன்றாக நிற்கும்.

விண்டோஸ் லேப்டாப்ல எப்படிப் போடணும்?

வயர்கார்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இன்ஸ்டாலரை இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே வருகிற விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். பிரபல மென்பொருள்களின் பெயரில் போலி இன்ஸ்டாலர் அப்படித்தான் வருகிறது. நிறுவ அட்மின் உரிமை வேண்டும்.

பிறகு ஆபீஸ் விபிஎன்னைப் பார்த்துக்கொள்பவர் உங்களுக்கென்று ஒரு கான்ஃப் ஃபைல் (இணைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) தருவார். அதை நோட்பேடில் திறந்தால் பத்து வரிக்குள் முடிந்துவிடும். உங்கள் பிரைவேட் கீ (ரகசியச் சாவி), விபிஎன்னில் உங்களுக்கு ஒதுக்கிய முகவரி (உதாரணமாக 10.99.0.5/32), ஆபீஸ் பக்கத்தின் பப்ளிக் கீ (பகிரக்கூடிய சாவி), 'எண்ட்பாயிண்ட்' என்ற வரியில் ஆபீஸ் ஐபியும் 51820ம், விபிஎன் வழியாகப் போக வேண்டிய முகவரிகளைச் சொல்லும் 'அலவ்டு ஐபிஸ்' வரியில் 10.37.14.0/24, கடைசியில் 25 செகண்டுக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் அனுப்பிப் பாதையைத் திறந்து வைக்கும் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' 25. வயர்கார்டைத் திறந்து 'இம்போர்ட் டனல்' (டனல் என்பது ஒரு விபிஎன் இணைப்பு) கொடுத்து அந்த ஃபைலைக் காட்டினால் வலது பக்கம் 'ஆக்டிவேட்' பட்டன் வரும். அமுக்கினால் போதும். ஒருமுறை ஆக்டிவேட் செய்தால் அது விண்டோஸ் சர்வீஸாகவே பதிவாகிவிடும். லேப்டாப்பை அணைத்து மறுபடி ஆன் செய்தாலும் இணைப்பு தானாகவே எழுந்து வரும்.

அந்த ஃபைலில் இருப்பது ஆபீஸின் சாவி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேலரியிலும் பேக்கப்பிலும் வெப் வாட்ஸ்அப் திறந்து கிடக்கும் இன்னொரு கணினியிலும் அது தங்கிவிடும். பென் டிரைவில் நேரில் கொடுத்து, இம்போர்ட் ஆனதும் ஃபைலை அழித்துவிடுங்கள். போனுக்கு என்றால் க்யூஆர் கோடாக்கி எதிரே வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாதீர்கள்.

சோதனையை ஆபீஸ் வைஃபையில் இருந்துகொண்டு செய்ய வேண்டாம். உள்ளே இருந்துகொண்டே வெளி ஐபியைக் கூப்பிடுவதைப் பல ரவுட்டர்கள் திருப்பிவிடுவதில்லை. நன்றாக இருக்கும் அமைப்பும் கெட்டதாகத் தெரியும். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள்.

'ஆக்டிவ்'னு பச்சையா காட்டுது. ஆனா ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது!

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். வயர்கார்டில் 'ஆக்டிவ்' என்றால் உங்கள் பக்கம் தயார் என்று மட்டுமே அர்த்தம். ஆபீஸ் பதில் சொன்னதா என்பது அதில் தெரியாது. ஆபீஸ் ரவுட்டரைக் கழற்றிப் போட்டாலும் பச்சை விளக்கு எரியும். கீழே 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (இரண்டு முனையும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கும்போது ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும்.

அந்த வரியே வரவில்லை, 'ரிசீவ்டு' 0 என்று நிற்கிறது என்றால் பாக்கெட் ஆபீஸைத் தொடவில்லை, அல்லது அங்கே நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஆபீஸில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஐபி மாறிவிட்டதா என்று பாருங்கள். ஐபிக்குப் பதிலாக டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் ஐபியைத் தொடர்ந்து காட்டும் பெயர்) போட்டிருந்தால், வயர்கார்ட் அந்தப் பெயரை ஆக்டிவேட் செய்யும் நேரத்தில்தான் ஐபியாக மாற்றிக்கொள்ளும்; நடுவில் ஐபி மாறினால் டிஆக்டிவேட் செய்து மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்கும் வரவில்லையென்றால் போர்ட் சரியாகத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா, பப்ளிக் கீயில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினி என்றால் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போய்த் தேதி பின்னால் போயிருந்தால், பழைய நேரத்தோடு வரும் ஹேண்ட்ஷேக்கை யாரோ திருப்பி அனுப்பிய நகல் என்று எண்ணி ஆபீஸ் பக்கம் தள்ளிவிடும்.

ஹேண்ட்ஷேக் வருகிறது, ஆனால் கணினி திறக்கவில்லை என்றால் கோளாறு ஆபீஸுக்கு உள்ளே. விபிஎன் ரவுட்டரில் இல்லாமல் தனிக் கணினியில் ஓடினால், மற்றக் கணினிகளுக்கு விபிஎன் முகவரிகளான 10.99.0 எங்கே இருக்கிறது என்று தெரியாது; பதிலை வெளி இணையத்துக்கு அனுப்பிவிடும். ரவுட்டரில் 10.99.0.0/24க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நிலையான வழி) போட்டு அந்தக் கணினியைக் காட்டுங்கள். இன்னொன்று விண்டோஸ் ஃபயர்வால். பிங் (கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது), ஃபைல் ஷேரிங் இரண்டையும் அது வழக்கமாகத் தன் சொந்த சப்நெட்டுக்கு, அதாவது அதே ஆபீஸ் முகவரி வரிசைக்கு, மட்டுமே அனுமதிக்கும். அதனால் பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் திறந்து பாருங்கள்.

திறக்கிறது, பாதியில் உறைந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. வயர்கார்ட் வழக்கமாக 1420 வைக்கும். கான்ஃப் ஃபைலின் 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் எம்டியூ 1280 என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். சில மொபைல் இணைப்புகளில் இது ஒன்றே போதும்.

அண்ணாச்சி, விபிஎன் போட்டாச்சு, டேலி டேட்டா ஃபோல்டரும் தெரியுது. ஆனா ஒரு வவுச்சர் திறக்க ஒரு நிமிஷம் ஆகுதே?

ஃபோல்டரை விபிஎன் வழியாகத் திறக்கக் கூடாது. டேலி ஒரு வவுச்சரைக் காட்ட டேட்டா ஃபைலில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பலமுறை படிக்கும். ஆபீஸுக்குள் ஒரு துண்டு வந்துசேர 1 மில்லிசெகண்ட் கூட ஆகாது. வீட்டிலிருந்து 50 மில்லிசெகண்ட் ஆகலாம். ஆயிரம் துண்டு என்றால் 50 செகண்ட். நெட் ஸ்பீடை 100லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 50 மில்லிசெகண்ட் குறையாது. வேகத்தைவிடப் பெரிய ஆபத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகலாம்.

வழி இதுதான்: விபிஎன்னை இணைத்து, அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் கணினியைத் திறந்து, அங்கே இருக்கும் டேலியை இயக்குங்கள். டேட்டா ஆபீஸைவிட்டு நகராது, திரை மட்டும்தான் வரும். வீட்டு இணைப்பு அறுந்தாலும் பாதி அடித்த வவுச்சர் அப்படியே நிற்கும். மறுபடி இணைத்துத் தொடரலாம்.

இதற்கு ஆபீஸ் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு வெளியே போய் இணையும், உள்ளே யாரையும் விடாது. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆபீஸில் ஒருவர் அதே கணினியில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் நுழைந்ததும் அவர் திரை பூட்டிக்கொள்ளும். பில்லை வீட்டில் பிரிண்ட் எடுக்க, இணைப்பதற்கு முன் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் பிரிண்டர்ஸ் டிக் செய்துகொள்ளுங்கள். விபிஎன் இருக்கிறதே என்று விண்டோஸ் கடவுச்சொல்லை 1234 என்று வைக்க வேண்டாம்.

மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துதாங்க. அன்னைக்கு என்ன பண்ண?

காலையில் நின்று மாலையில்தான் வரும் நாளில் எந்த யுபிஎஸ்ஸும் முழுக்கத் தாங்காது. அன்றைய வேலையை முன்னாலேயே திட்டமிடுங்கள். கரண்ட் வந்த பிறகு யாரும் ஆபீஸுக்குப் போய் பட்டன் அமுக்காமல் எல்லாம் தானாக எழுந்து வர வேண்டும், அதற்குத்தான் ஏற்பாடு தேவை. கணினியின் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) கரண்ட் திரும்பினால் ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு இருக்கும். 'ஏசி பேக்', 'ஏசி பவர் லாஸ்' போன்ற பெயரில் தேடுங்கள். விண்டோஸில் ஸ்லீப் வேண்டாம் என்று வையுங்கள். அஞ்சு, பத்து நிமிடம் போய் வருகிற கரண்டுக்கு ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்துல சிக்னல் வந்து வந்து போகுது. விபிஎன் நிக்குமா?

நிற்கும். வயர்கார்ட் மொபைல் டேட்டாவிலிருந்து வைஃபைக்கு மாறினாலும், சிக்னல் அஞ்சு நிமிடம் போய் வந்தாலும் கேட்காமலே விட்ட இடத்திலிருந்து தொடரும். ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கவனிப்பவர்களுக்கும் இது ஏற்றது. சிம் ரவுட்டரில் வயர்கார்ட் போட்டு, கீப்அலைவ் 25 வைத்தால், சிம்முக்குத் தனி ஐபி இல்லாவிட்டாலும் அங்கிருந்து ஆபீஸுக்கு வரும் பாதை திறந்தே இருக்கும்.

ஆஸ்பத்திரி வைஃபை, காலேஜ் ஹாஸ்டல் வைஃபைல மட்டும் இணைய மாட்டேங்குது.

அங்கே யுடிபியை அடைத்திருப்பார்கள். வயர்கார்டுக்கு யுடிபி தவிர வேறு வழி கிடையாது. உடனே வேண்டுமென்றால் போன் ஹாட்ஸ்பாட். அடிக்கடி அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் என்றால் ஆபீஸ் பக்கம் ஓப்பன்விபிஎன்னை டிசிபி 443இல் கூடுதலாக ஓட்டலாம். வழக்கமான யுடிபி 1194 இங்கே உதவாது. ஓப்பன்விபிஎன் கிளையண்டை நிறுவி, கொடுத்த ஓவிபிஎன் ஃபைலை இம்போர்ட் செய்து, பெயர், கடவுச்சொல், ஓடிபி கொடுத்தால் இணையும். வயர்கார்டைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும்.

60 செகண்டில் டிஎல்எஸ் நெகோஷியேஷன் (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்கப் பேச்சு) தோற்றது என்று வந்தால் சர்வரை எட்டவில்லை. 'ஆத் ஃபெயில்டு' என்றால் எட்டிவிட்டது, கடவுச்சொல்லோ ஓடிபியோ தவறு. ஓடிபி 30 செகண்டுக்கு ஒருமுறை மாறும் என்பதால், போன் நேரம் தானாக அமையும்படி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே நாளில் எல்லோருக்கும் நின்றுவிட்டால், சர்வரில் ரத்துப் பட்டியல் (இனி செல்லாத சான்றிதழ்களின் பட்டியல்) காலாவதி ஆகியிருக்கலாம். ஓப்பன்விபிஎன்னுக்குச் சான்றிதழ் உருவாக்கும் ஈஸிஆர்எஸ்ஏவில் அதன் ஆயுள் வழக்கமாக 180 நாள், சான்றிதழ்களுக்கு 825 நாள். இரண்டு தேதியையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

விபிஎன் போட்டதும் யூடியூப்கூட மெதுவாயிருதே?

'அலவ்டு ஐபிஸ்' வரியில் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரியும், என்று இருக்கும். எல்லாப் போக்குவரத்தும் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து வெளியேறித் திரும்புகிறது. ஆபீஸ் ஐபிகளை மட்டும் அங்கே எழுதினால் மற்றவை நேராகப் போகும். லாட்ஜ், ரயில் நிலைய வைஃபையில் வேலை பார்க்கும்போது மட்டும் முழுவதையும் ஆபீஸ் வழியாக விடுவது நல்லது. அதற்குத் தனியாக இன்னொரு டனல் வைத்துக்கொள்ளலாம்.

போன்ல கொஞ்ச நேரத்துல தானா நின்னுருது.

பேட்டரி சேமிப்பு அதைக் கொல்கிறது. செட்டிங்ஸில் வயர்கார்ட் ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். சில விளம்பரத் தடுப்பு ஆப்களும் விபிஎன்னாகவே ஓடுகின்றன, இரண்டில் ஒன்றுதான் நிற்கும்.

ஒரே ஃபைலை எல்லாருக்கும் குடுத்துரலாமா?

கூடாது. ஒரே சாவியோடு இரண்டு பேர் வந்தால், கடைசியாகப் பேசியவர் இருக்கும் இடத்துக்கே ஆபீஸ் பதில் அனுப்பும். இருவருக்கும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு ஒன்று, அவருடைய ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று என்று கொடுங்கள். யாருக்கு எந்த எண் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலையைவிட்டுப் போகிறவருடைய பியரை (ஆபீஸ் பக்கத்தில் அவர் சாவி இருக்கும் பதிவை) அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். போன் தொலைந்தாலும் அதேதான்: முதலில் பியரை நீக்குவது, பிறகு போலீஸ் புகார்.

துபாய்ல இருந்துகிட்டு ஊர்ல உள்ள கடைக் கணக்கைப் பாக்கலாமா?

மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது. ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன்னைப் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது. தடை செய்த தளங்களையும் அழைப்பு ஆப்களையும் திறக்க இந்த இணைப்பைத் தொடாதீர்கள். 0.0.0.0/0 இல்லாமல் ஆபீஸ் ஐபிகள் மட்டும் உள்ள ஃபைலையே அங்கே கொண்டுபோங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் லேப்டாப்பில் இதைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரோ உள்ளே வந்துட்ட மாதிரி இருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

ஆபீஸ் ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியின் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள், ஆனால் அணைக்காதீர்கள். ஆராய்பவருக்கு அதன் நினைவகத்தில் தடயம் கிடைக்கும். பேக்கப் டிரைவ் வெளியே இருந்தால் இப்போது எதிலும் செருக வேண்டாம். எல்லா பியர்களையும் நீக்கி, வேறு சுத்தமான கணினியில் புதிய சாவிகள் உருவாக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவிலேயே இருக்கிறது. எந்த நேரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள், அந்தப் படிவத்தில் அதைத்தான் கேட்பார்கள்.